காது குத்தி முடியும்வரை எழக்கூடாது

ஆவணி, திங்கள்

வெயில். ஆவணியில் இப்படி ஒரு வெயிலா? மோட்டார் கடையில் ஃபேன் ஓடியும் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வெயிலா, மாத்திரையைக் குறைத்ததா? இப்போதெல்லாம் தும்மினாலும் இதே சந்தேகம்தான்.

கூட்டத்தில் வரும் பதற்றத்துக்கு ஒன்பது வருஷமாக முழு மாத்திரை. இரண்டு மாதமாகப் பாதி. டாக்டர் சொன்னது: "அவசரப்படாதீங்க, படிப்படியா எறங்குவோம். நீங்களா நிப்பாட்டிறாதீங்க." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரி மலர் பாக்குவெட்டியில் நறுக்கித் தருகிறாள். சரிபாதியாக வருவதே இல்லை. பெரிய பாதி கிடைக்கிற நாளில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெட்கங்கெட்ட மனசு.

அக்கா போன். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. ஒட்டன்சத்திரம் பக்கம், மாமாவின் குலசாமி கோயிலில். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

"தம்பி, இவுக வீட்ல ஒரு மொற இருக்குடா. மடியில வச்சிருக்கவன் குத்தி முடியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. நாளையில இருந்து வெரதம். செஞ்சிருவியா?"

"என்னக்கா இப்புடிக் கேக்குற?"

அப்படித்தான் கேட்பாள். பாப்பாவுக்குப் பேர் வைத்த அன்று, பாதிப் பந்தியில் இலையை விட்டு எழுந்து ஓடியவன் நான். பஸ் ஸ்டாண்டு வரை. கையில் சாம்பாரோடு.

செவ்வாய்

விரதம். கறி இல்லை. செருப்பு இல்லை. தரையில் படுக்கை. பச்சைத் தண்ணீர்க் குளியல்.

நானாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். மாத்திரையும் இல்லை. உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் சாமி பார்த்துக்கொள்ளாதா? மலரிடம் சொல்லவில்லை. பாதியைக் கடைச் சட்டையின் பையில் போட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தேன்.

கடைக்குச் சாணார்பட்டியிலிருந்து ஒருவர். தண்ணி மோட்டார், உள்ளே சுற்றிய செம்புக் காயில் எரிந்துவிட்டது. "அண்ணே, நாளக்கழிச்சு ஆயிருமா? தக்காளி வாடுதுண்ணே." ஆயிரும் என்றேன்.

வியாழன்

ஆகவில்லை. காயில் கட்டக் கை நிற்கவில்லை. செம்புக் கம்பி அறுந்து அறுந்து போனது. தலையைத் திருப்பினால் உள்ளே சுரீரென்று கரண்டு அடிக்கிறது. ஹாரன், குக்கர் விசில், பக்கத்துக் கடை ஷட்டர், எல்லாம் மண்டைக்குள்ளேயே.

கடைக்குள் இருந்தால் வெளியே போக வேண்டும். வெளியே வந்தால் உள்ளே ஓட வேண்டும். எங்கே போய்த் தொலைவது?

சாணார்பட்டிக்காரர் வந்துவிட்டார். "என்னண்ணே, காச்சலா? இம்புட்டு வேர்க்குது." இன்னும் நாலு நாள் கேட்டேன். பிரித்துப் போட்ட மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளி

மாமா போன். "ஏனுங்க மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. கூட்டத்துல உங்களுக்கு ஒருமாதிரி வரும்னு அக்கா சொன்னா. முடியாட்டிச் சொல்லிப்போடுங்க, எங்க பெரியப்பன் பையன உக்கார வெச்சுக்கலாம்."

நல்ல மனுஷர். அதுதான் எரிச்சல். "நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன் மாமா" என்று கத்திவிட்டு வைத்தேன்.

சரி என்று சொல்லியிருந்தால் இந்நேரம் நிம்மதி. அந்த நினைப்பு வந்ததே கேவலமாக இருக்கிறது.

சனி

துணி துவைக்கப் போன மலர், சட்டைப் பையைத் துழாவியிருக்கிறாள். நாலு மாத்திரைப் பாதிகள்.

"என்ன இது?"

"வெரதம்."

"சாமி கறியத்தான வேணாம்னுச்சு? மாத்திரைய வேணாம்னு உங்க காதுல வந்து சொல்லுச்சா?"

அவளே டாக்டருக்குப் போன் போட்டாள். எனக்கு நல்ல டோஸ். ஸ்பீக்கரில் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். இப்போதே பாதியைப் போடச் சொன்னார். போட்டதும் சரியாகிவிடாதாம், சில நாள் பிடிக்குமாம். போவதென்றால் துணையோடு போகச் சொன்னார். போட்டுவிட்டேன்.

விரதம் கெட்டதா என்று மலரைக் கேட்டேன். "வாய மூடிக்கிட்டுப் படுங்க."

ஞாயிறு

நடந்தது நடந்தபடி.

வேனில் ஜன்னலோரம். ரெட்டியார்சத்திரம் தாண்டும்போதே, திருப்பச் சொல்லு என்று வாய்வரை வந்தது. மலர் என் கையை விடவில்லை.

சின்னக் கோயில். தகரக் கூரை. தரையில் சம்மணம் போட்டு நான், மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகப் பாப்பா. சுற்றி நாலு பக்கமும் சனம். மேளம். நீட்டிய செல்போன்கள். ஆசாரி எதிரே. "கெட்டியாப் புடிச்சுக்கங்க தம்பி."

முதல் காது. பாப்பா வீறிட்டாள். எனக்கு மூச்சு நின்றது. கண் ஓரமெல்லாம் கறுப்பு. செத்துப்போகப் போகிறேன், பிள்ளையைக் கீழே போடப் போகிறேன்.

எழுந்துவிட்டேன். பாப்பாவோடு. ஆட்களை இடித்துக்கொண்டு வெளியே, தென்னந்தோப்பு வரை. பின்னால் மொத்தச் சனமும். "எந்திரிச்சுட்டான்ப்பா!" என்று யாரோ.

ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். பாப்பா அழுகையை நிறுத்தி என் மூக்கைப் பிடித்தாள். மாமா கை நீட்டினார். "குடுங்க மாப்ள." பெரியப்பன் மகன் பின்னாலேயே தயாராக, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. கொடுக்கத்தான் போனேன்.

அக்கா குறுக்கே வந்தாள். பிள்ளையை வாங்கவில்லை. ஆசாரியைப் பார்த்துச் சொன்னாள்: "இங்கிட்டு வாங்கய்யா. அவன் நிக்கட்டும், நின்னமேனிக்கே குத்துங்க."

"மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்றார் மாமா.

"பதினோரு வருசமா எல்லா மொறையும் பாத்தாச்சு. போதும்."

ஆசாரி ஊசியோடு கிட்டே வந்தார். மலர் என் முதுகைத் தாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது வீறிடல்.

திங்கள்

தூறல். தலைக்குள் கரண்டு இன்னும் நிற்கவில்லை. மோட்டாரில் பாதிக் காயில் கட்டியாயிற்று. இன்னும் எத்தனை மாதம் இந்தப் பாதியோடு மல்லுக்கட்டுவது? மாமா இனிக் கூப்பிடுவாரா?

அக்கா போன். எடுக்கவே பயம்.

"ஒரு காது வீங்கியிருக்குடா."

"எந்தக் காது?"

"நீ உக்காந்திருந்தப்பக் குத்துனது. நின்னு குத்துனது நல்லாத்தேன் இருக்கு. ஒங்க மாமாகிட்டயும் சொல்லிட்டேன்."

மலர் கூப்பிடுகிறாள். பாதி நறுக்கியாயிற்றாம்.