ஒண்டுமில்லை என்பதன் பெறுமானம்

என் அன்பு மச்சாள் ரஜனிக்கு,

உன் ஏழாம் வகுப்பை எனக்குத்தான் தந்திருக்கிறார்கள். நீ போய் ஏழு மாதம். உன் கதிரையில் வேறொருத்தி இருப்பதைப் பார்ப்பதைவிட நானே இருந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். இந்தக் கிழமை அட்சரகணிதம். சொற்களைக் கோவையாக்கும் பாடம், உனக்குப் பிடித்தது.

நீ படிப்பிப்பதை, நம் வகுப்புகளைப் பிரிக்கும் தட்டிக்கு இந்தப் பக்கம், என் வகுப்பில் நின்று எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையைப் புளியங்கொட்டை அள்ளிக் கையைப் பொத்தச் சொல்வாய். "உன்ரை கையிலை இருக்கிறது உது. உது எத்தினை எண்டு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு. இப்ப உதோடை மூண்டைக் கூட்டு." பிறகுதான் கரும்பலகையில் அந்த 'உது' x ஆகி, x + 3 வரும்.

"சோதினைத்தாளிலையும் உது எண்டுதான் எழுதப் போகுதுகளடி" என்று பகிடி பண்ணுவேன். எழுதினார்கள்தான். 'உது + 3' என்று இருந்த தாளுக்கும் நீ சரி போட்டாய். அதற்காக உன்னோடு நான் சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா?

நேற்று ஒரு சின்னச் சோதனை வைத்தேன். குமுதாவிடம் பென்சில்கள் இருந்தன, இன்னும் மூன்று கிடைத்தன, இப்போது எத்தனை? ஒரு பிள்ளை 0 + 3 என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"முதல் எத்தினை இருந்தது எண்டு சொல்லேல்லைத்தானே ரீச்சர். அப்ப ஒண்டுமில்லை."

"சொல்லாட்டில் பூச்சியமோ பிள்ளை?" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் அவள் சொன்ன 'ஒண்டுமில்லை' எனக்குக் கேட்டது. அவள் பாவம், அழப் பார்த்தாள்.

சுன்னாகம் பஸ் நிலையத்தில் அந்த வெள்ளிக்கிழமை உன் கைப்பைக்குள் இருந்து ஒரு மண்ணிறக் கடித உறை எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரி முத்திரை பாதி தெரிந்தது. "உது என்னடி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை மச்சாள்" என்று சொல்லிப் பையை இழுத்து மூடினாய். நான் வெங்காய விலையைக் கதைக்கத் தொடங்கினேன். இருபது வருடம் கணிதம் படிப்பிக்கிறவள், நீ சொன்ன சொல்லுக்கு நேரே பூச்சியத்தைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நீ வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. அதற்குள் டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். ஏன் மறைத்தாய்? என் அண்ணை தாங்கமாட்டார் என்றா? நான் இன்னொரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

செத்தவீட்டில் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "உன்னட்டையாவது ஏதும் சொன்னவளோ?" "இல்லை அண்ணை" என்றேன். அது பொய்யில்லை, நீ சொல்லவில்லை. ஆனால் நான் கண்டேன். அவருக்கு உன்னைக் கட்டி வைத்ததே நான்தான். எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இனி என் முகத்தில் முழிப்பாரோ?

அண்ணை உன் சைக்கிளைத் தினமும் துடைக்கிறார். காற்றும் அடித்து வைக்கிறார். ஓட ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனபோது சோறு போட்டபடி கிடந்தது. ஆள் பாதியாகிவிட்டார்.

"மெலிஞ்சு போனியள் அண்ணை. என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை."

நான் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன், ரஜனி. அது எனக்கு நேற்று அந்தப் பிள்ளை சொன்னபோதுதான் உறைத்தது.

நாளைக்குச் சனி. விடிந்ததும் அண்ணையிடம் போவேன். முதலில் அந்தக் கடித உறையைப் பற்றிச் சொல்வேன். ஏசுவார், ஏசட்டும். படலையைச் சாத்தினாலும் வெளியே நிற்பேன். பிறகு அவருடைய ஒண்டுமில்லைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பேன். திரும்பவும் ஒண்டுமில்லை என்றால் திரும்பவும் கேட்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் வீடு திரும்ப மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உன்னிடம் இரண்டாம் முறை கேட்காமல் போன
உன் மச்சாள்