ள போட்ட வீடு

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

நான் உங்கள் அண்ணன் மகள். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பல்லே முளைக்கவில்லையாம். உங்கள் முகவரியை அம்மாதான் தந்தாள். தையல் பெட்டியில் பொத்தான்களுக்கு அடியில் இத்தனை நாள் ஒளித்து வைத்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது.

எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. அப்பா என்னை நத்தை என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது பால் வண்டிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். எழுதினால் கொஞ்சம் வரும்.

போன வருஷம் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்துபோனது. மாடுகளைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் நான் பல்லியை விட்டு நின்றுவிட்டேன். இப்போது அப்பா கோல் ஊன்றி நடக்கிறார். அவர் கோபம் மட்டும் ஊன்றாமல் நடக்கிறது.

விஷயம் இதுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே நிலத்தை உழுகிற குடும்பங்களுக்கு விவசாய அலுவலகம் வாசலில் மாட்ட ஒரு பலகை தருகிறது. பழைய பதிவேடுகளைப் பார்த்து வம்சாவளி எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பலகை வேண்டும். எதற்கென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கும் நம் வீட்டுக்கு ‘வந்தவன் வீடு’ என்றுதான் பெயர். போன மாதம் தண்ணீர் விடுவதில் பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு. அவர், “எங்கிருந்தோ வந்தவனுக்கு வாய்க்கால்ல பேச்சு வேறயா?” என்று கேட்டுவிட்டார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

காப்பகத்துக்குப் போய்த் தேடும் வேலை என் தலையில். தாத்தாவுக்கு முந்தியவர்களைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும் என்று அம்மா சொல்கிறாள். தெரிந்ததை எழுதுவீர்களா?

உங்கள்,
நத்தை


பிப்ரவரி 15

நத்தைக்கு,

கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம்தான் மற்றது. பல்லியை விட்டு நின்றாயா? எந்தச் சுவரில் இருந்தது அது? படிக்கிற இடத்துக்குப் பெரிய ள. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அத்தையாக இருந்தாலும் கை சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்.

தாத்தாவின் அப்பா கோணக்கால் தாத்தா. அவருடைய அப்பா, எருமை மிதித்தும் சாகாதவர் என்று சொல்வார்கள். அவருக்கும் முன்னால் யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்து இந்த நிலத்தில் உட்கார்ந்தார் என்பது கதை. அவர்தான் அந்த ‘வந்தவன்’. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நான் ஏன் அங்கே இல்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததாலேயே சொல்கிறேன். தாத்தா போனதும் நிலத்தில் பாதியை நானே உழுகிறேன் என்றேன். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், உன் அப்பாவைவிட நன்றாகவே. அண்ணன் சொன்னார்: “இந்த மண்ணு இருக்கிறவங்களுக்கு. நீ என்னைக்கிருந்தாலும் போறவ.” “அப்ப இன்னைக்கே போறேன்” என்றேன். “போனவ போனவளாவே இருக்கட்டும்” என்றார். இரண்டு பேருக்கும் வாய் நீளம். வேறொன்றுமில்லை.

அம்மாவிடம் பொத்தான் பெட்டிக்கு நன்றி சொல்.

அத்தை


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

பள்ளி. பள்ளி. பள்ளி. போதுமா?

காப்பகம் நகரசபைக் கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருக்கிறது. ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் தாள் பறக்கும், மூடினால் மூச்சு முட்டும் என்று அதைப் பாதி திறந்து அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர் ஒரு கண்ணாடிக்கார அம்மா. முதல் நாள் நான் வாசலிலேயே நின்றேன். கடைசியில் அவரே, “உள்ள வாம்மா, பதிவேடு கடிக்காது” என்று கூப்பிட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மேலே வீட்டின் பெயர், கீழே வரிசையாக ஆட்கள், ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. பெண்களுக்கு மகள், மனைவி, தாய் என்று உறவு மட்டும்தான். கோணக்கால் தாத்தா கிடைத்துவிட்டார். குறிப்பில் ‘கால் ஊனம்’ என்றே போட்டிருக்கிறது. எருமைத் தாத்தாவும் கிடைத்தார், எருமையைத்தான் காணோம். அவர் இருக்கிற பக்கத்தின் தலைப்பை அப்படியே எழுதியிருக்கிறேன்: ‘வந்தவள் வீடு.’

அடுத்த வாரம் அதற்கும் பழைய புத்தகத்தை எடுத்துத் தருவார்களாம்.

உங்கள்,
நத்தை


மார்ச் 9

நத்தைக்கு,

அவசரமாக ஒரு திருத்தம். ‘வந்தவன் வீடு’ என்று இருக்க வேண்டும். ள வர வேண்டிய இடத்தில் ல போட்டாய், திட்டினேன். அதற்காக ன வர வேண்டிய இடத்திலும் ள போட வேண்டுமா, கழுதை? இப்படியே படிவத்தில் எழுதிவிடாதே. பலகையில் பிழை ஏறிவிட்டால் உன் அப்பா அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அத்தை


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. வகுப்பில் என் நோட்டைத் தூக்கிக் காட்டுவார்களே, அதே மாதிரி இருந்தது. திருத்திவிடலாம் என்றுதான் திரும்பப் போனேன்.

அத்தை, அது ள தான்.

கண்ணாடிக்கார அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோணக்கால் தாத்தாவின் புத்தகத்தில் ‘வந்தவன்’. அதற்கு முந்திய புத்தகத்தில் ‘வந்தவள்’. அதற்கும் முந்தியதில் வீட்டுக்குப் பெயரே இல்லை, ஆட்கள் மட்டும்தான். “பார்த்து எழுதினவன் பிழைன்னு நெனச்சுத் திருத்திட்டான் போல” என்றார்.

பெயரில்லாத அந்தப் பக்கத்தில் ஒரு அப்பா, ஒரு மகன், ஒரு மூத்த மகள். மகளுக்கு நேராக, குறிப்பில்: ‘போனாள்.’ நான் செத்துப்போனாள் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். செத்தால் ‘இறப்பு’ என்று எழுதுவார்களாம். கீழே மகனுக்கு நேராக ‘காய்ச்சல், இறப்பு’ என்று இருக்கிறது. அப்புறம் மூத்த மகளின் கட்டத்திலேயே, வேறு மையில்: ‘வந்தாள். கைக்குழந்தை ஒன்று.’

அடுத்த புத்தகத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ‘மூத்த மகள்’. நிலம் அவள் பொறுப்பில். அந்தக் கைக்குழந்தைதான் எருமைத் தாத்தா.

யாரும் எங்கிருந்தும் வரவில்லை அத்தை. இந்த வீட்டுப் பெண் போனாள், திரும்பி வந்தாள். நாம் எல்லோரும் அவள் வழி.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் தினமும், “அந்த வந்தவன் யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்கிறார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறேன். படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது.

உங்கள்,
நத்தை


மார்ச் 29

அன்புள்ள நத்தைக்கு,

உன் கடிதம் வந்த அன்று என் மேசையில் நாற்பது பக்கம் காத்திருந்தது. ஒரு எழுத்தைத் தொடக் கை வரவில்லை. அந்த ள என்னிடம் வந்திருந்தால் நானும் அடித்து ன ஆக்கியிருப்பேன். ஆக்கினேனே, உன் கடிதத்திலேயே. மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இதை அண்ணனிடம் சொல்லாதே. படிவத்தில் ‘வந்தவன்’ என்றே எழுது. எருமைத் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தாலே நூறு வருஷம் தாண்டிவிடும், பலகை கிடைக்கும். நான் தூண்டிவிட்டு நீ பேசுவதாக அவர் நினைப்பார். உன்னைத் திட்டுவார். என்னை அந்த வீட்டில் சேர்ப்பதற்காக நீ கதை கட்டுவதாகச் சொல்வார். அவர் பலகை அவருக்கு இருக்கட்டும். எனக்கு அச்சகத்து மாடியில் நல்ல அறை இருக்கிறது, காற்றும் வருகிறது.

அத்தை


ஏப்ரல் 11

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாயங்காலம் பால் கறந்துகொண்டிருந்தேன். அப்பா என் தாள்களை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“என்னடி இது, ள போட்டு வச்சிருக்க? ஒரு வார்த்தையை ஒழுங்கா எழுத வராதா?”

“சரியாத்தான் போட்டிருக்கேன்.”

“என்ன?”

“சரியாத்தான் போட்டிருக்கேன்னு சொன்னேன்ப்பா.”

வெளியே அம்மா பால் கேன் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெற்றியை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மாட்டிடம் சொல்வது மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். போனாள், காய்ச்சல், வந்தாள், கைக்குழந்தை. கறந்துகொண்டே சொன்னேன். பால் தீர்ந்த பிறகும் காம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாடு திரும்பிப் பார்த்தது.

“இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அவளா?”

“அத்தை சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க.”

அது வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கோல் தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அப்பா கேட்டார்:

“அவ திரும்பி வந்தப்ப கதவைத் தொறந்தது யாருன்னு எழுதியிருக்கா?”

“இல்லப்பா. அதுக்கெல்லாம் கட்டம் இல்ல.”

“கட்டம் இல்லையா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் படிவத்தை அவரே மேசையில் வைத்து எழுதினார். ‘வந்தவள் வீடு.’ ள மட்டும் மற்ற எழுத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. எல்லாத் தலைமுறையும் எழுதி, கடைசியில் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே உங்கள் பெயர். உறவு என்று மட்டும் எழுதவில்லை அத்தை, பெயரையே எழுதியிருக்கிறார். குறிப்புக் கட்டத்தில் ‘போனாள்’ என்று எழுதியிருக்கிறார். முற்றுப்புள்ளி வைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சொல் எழுதுகிற அளவுக்கு இடம் இருக்கிறது.

நேற்று, “படிவத்தைக் கொண்டுபோய்க் குடுத்துடட்டுமாப்பா?” என்று கேட்டேன். இத்தனை நாள் அவசரப்படுத்தியவர், “முப்பதாம் தேதி வரைக்கும் இருக்கே, என்ன அவசரம்?” என்கிறார்.

உங்கள்,
நத்தை


ஏப்ரல் 19

அன்புள்ள நத்தைக்கு,

வெல்லிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் படிவத்தை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்.

கதவைத் தட்டுவேன். நீ திறக்காதே. அம்மாவையும் திறக்க விடாதே. கொட்டகையில் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இடுப்பு வலிக்காரர் மெதுவாகத்தான் எழுந்து வருவார். நான் காத்திருக்கிறேன்.

இதைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

அத்தை