ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை மணி நேரம்

செப்டம்பர் 9, 2024

முகூர்த்தக் கூட்டம். கால் வீங்கிவிட்டது. கும்பகோணத்தில் பெரிய ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு, ஏசி என்றால் ஊரில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. காலை ஒன்பதரைக்கு நுழைந்தால் வெளியே வர ஒன்பது. வீட்டுக்கு வரும்போது பாப்பா தூங்கியிருப்பாள்.

துபாய் சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர் வேலை, ஆயிரத்து ஐந்நூறு திர்ஹாம் என்கிறார் ஏஜென்ட். நம்ம பணத்தில் முப்பத்து நாலாயிரம்! இரண்டு வருடம் வர முடியாது. பாப்பாவுக்கு ஐந்து வயது. முப்பதாம் தேதிக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 10

போகலாமா? போகாமல் என்ன செய்வது?

செப்டம்பர் 15

என்னோடு பட்டுப் பிரிவில் நிற்கும் பாத்திமா இன்று பிடித்துக்கொண்டாள். "திர்ஹாம்ல சம்பாதிச்சா திர்ஹாம்லதானடி செலவு பண்ணணும்?"

அவள் தம்பி அஸார் லண்டனில் ஒரு கடையில் சாமான் அடுக்குகிறான். சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்க போனில் ஒரு வழி சொன்னான். ஒரு கிலோ அரிசி வாங்க எத்தனை நேரம் வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள் என்றான். அவனுக்குப் பத்து நிமிடம். ஆனால் சம்பளத்தில் பாதி அறை வாடகைக்குப் போய்விடுகிறதாம். துபாயில் இருக்கும் எங்கள் ஊர் தையல்நாயகியைக் கேட்டேன். அங்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் பத்து நாள் சம்பளம்.

எனக்கு? அரிசி கிலோ அறுபது ரூபாய், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அழுகைதான் வந்தது.

செப்டம்பர் 17

பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்கா நடவு வேலைக்குப் போகிறவர். காலை ஏழுக்கு இறங்கி ஒரு மணிக்குக் கரை ஏறினால் நானூறு ரூபாய் என்றார். கணக்குப் போட்டேன். ஐம்பத்து நாலு நிமிடம்! மூன்று முறை போட்டுப் பார்த்தேன். துபாயை விடக் குறைவு.

ஏசியில் நிற்கிறேன் என்று இவரிடமே எத்தனை நாள் பெருமை அடித்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது.

செப்டம்பர் 20

நடவுக் கூலியைச் சொல்லி, சம்பளத்தை உயர்த்தச் சொல்லி முதலாளியிடம் கேட்டேவிட்டேன். சிரித்தார். நடவு இருபது நாள்தானே, மிச்ச நாளைக்கு என்ன செய்வாய் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இருபது நாளும் தீபாவளிக்கு முன்னால் வருகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

செப்டம்பர் 30

பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. ஏஜென்டிடம் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 7

பட்டுப் பிரிவில் எட்டுப் பேர். அதில் என்னையும் சேர்த்து ஆறு பேர் லீவு சொல்லிவிட்டு இன்று எங்கள் ஊர் வயலில். பாத்திமா இதுவரை சேற்றில் கால் வைத்ததில்லை. இரண்டு தடவை விழுந்தாள். "பொடவை மடிக்கிற மாதிரி நாத்தைத் தடவிக்கிட்டு நிக்கிறியே" என்று தங்கம்மாள் அக்கா கேட்க, வயலே சிரித்தது. முதுகு ஒடிந்துபோகிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 10

முதலாளியின் கார் வாய்க்கால் கரையில் வந்து நின்றது! கல்யாண ஜவுளி எடுக்க வந்த இரண்டு குடும்பங்கள், புடவை எடுத்துப் போட ஆள் இல்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டனவாம். என்ன வேண்டும் என்றார். சேற்றுக் கையோடு நின்று சொன்னேன். பதினாலாயிரம். ஆறரைக்கு விட வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் உட்கார நாற்காலி. தீபாவளி வரை கூடுதல் நேரம் நிற்போம், அதற்குத் தனிக் கூலி.

"ஆறு பேருக்குமா?"

"எட்டுப் பேருக்கும்ங்க."

வயலில் நின்ற மற்ற ஐந்து பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு சரி என்றார். கார் திரும்பியதும் நாங்கள் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. ஜெயித்துவிட்டோம்!

நவம்பர் 4

இப்போது எனக்கும் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு மணி நேரம்தான். ஏழரைக்கே வீட்டில் இருந்தேன். பாப்பாவுக்கு ரசஞ்சோறு பிசைந்து கொடுக்கும்போது போன் அடித்தது. ஏஜென்ட். எனக்கு முன்னால் பாப்பா எடுத்துவிட்டாள்.

"அம்மா எனக்கு ஊட்டிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.