"நாங்கள்" என்று மாற்றிவிட்டார்கள், அண்ணா

ஊருக்கெல்லாம் பத்திரிகை ஆசிரியராகவும் எனக்கு மட்டும் அண்ணனாகவும் இருந்த சபாபதி அண்ணாவுக்கு,

"டீச்சரு, 'நாம்' சரியா, 'நாங்கள்' சரியா?" என்று ஒருநாள் கையில் அச்சு மையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்களே, நினைவிருக்கிறதா? கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றேன். "கழுவுனா கேள்வி மறந்துடும்மா" என்றீர்கள்.

வகுப்பில் சொல்வதைப்போல உங்களுக்கும் சொன்னேன். 'நாங்கள் கோவிலுக்குப் போகிறோம்' என்றால், கேட்பவர் வீட்டில் இருக்கலாம். 'நாம் கோவிலுக்குப் போகிறோம்' என்றால், கேட்பவரும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பத்திரிகையில் தன் கதையைச் சொல்லிவந்த கன்னியம்மா சயாமில் ரயில் பாதை போட்டார். அப்போது நீங்கள் காஞ்சியில் பட்டுக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஆகவே 'நாங்கள்'தான் சரி.

நீங்கள் சிரித்தீர்கள். "இலக்கணம் சரிமா. ஆனா அந்தம்மா 'நாம'ன்னுதானே சொல்லுது? சொல்ற வாயி அதோடது." அப்படியே அச்சிட்டீர்கள். "கன்னியம்மா வந்ததுலேந்து என் எழுத்துப் பெட்டியில 'ந' மிச்சமே இல்லமா. கல்யாணச் செய்தி போட 'ந' கடன் வாங்கவேண்டியதாயிருக்குது" என்று வேறு கிண்டல்.

எத்தனை வருடம் அண்ணா அந்தப் பத்திரிகையை இழுத்தீர்கள்! 'நம்மவர் செய்தி' என்று நம் நெசவாளர் சங்கத்தார் பெயர் வைத்தார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் பையன் தேறினான், யார் காலமானார், நூல் விலை எப்படி, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நீங்களே எழுதி, நீங்களே எழுத்துக் கோத்து, சைக்கிளில் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். கருட சேவைக் கூட்டத்தில் சைக்கிள் மாட்டிக்கொண்டு, இதழ் ஒருநாள் தாமதமானால்கூட வீடு வீடாக மன்னிப்புக் கேட்பீர்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த என்னைப் புரூப் பார்க்க உட்காரவைத்ததும் நீங்கள்தான்.

அப்படிப்பட்ட பத்திரிகையில் ஐயம்பேட்டைப் பக்கத்துக் கன்னியம்மாவின் கதை எப்படி நுழைந்தது? அவர் சங்கத்து மனுஷி இல்லை. கூலிக்கு நிலத்தில் பாடுபட்ட குடும்பம். கல்யாணமான கையோடு புருஷனுடன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவர்களைப் பிள்ளையோடு சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட ஓட்டிப்போனான். போனது மூன்று பேர். திரும்பியது அவர் ஒருவர். நம் தெருவுக்கு நூல் சுற்ற வந்த இடத்தில் ஏதோ பேச்சுவாக்கில் உங்களிடம் சொல்லிவிட்டார். "இது செய்தி இல்லன்னா எதும்மா செய்தி?" என்று என்னிடம் ஓடிவந்தீர்கள்.

நீங்கள் அவர் எதிரில் பேனாவை எடுத்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். பிறகு கேட்டதை அவருக்கே திருப்பிச் சொல்வீர்கள். "அப்டி இல்லபா, மழ அப்பவே வந்துட்சி" என்று அவர் திருத்துவார். அதற்குப் பிறகுதான் எழுதுவீர்கள். இதழ் வந்ததும் நான் அவருக்குப் படித்துக்காட்டுவேன். இப்படித்தான் இருவரும் சேர்ந்து ஒரு புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தீர்கள். அச்சாபீசில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

நீங்கள் கோத்துவைத்திருந்த அடுத்த பகுதியைச் சங்கத் தலைவர் எடுத்து இதழில் போட்டார். எல்லா 'நாம்' என்பதையும் 'நாங்கள்' என்று மாற்றிவிட்டார். எனக்குப் புரூப் வரவில்லை. வழக்கம்போல இதழை எடுத்துக்கொண்டு கன்னியம்மாவிடம் போய்ப் படித்தேன். "நாங்கள் மழையில் நனைந்தபடி கட்டை தூக்கினோம்..." அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா படிக்கிற? திரும்பப் படி."

படித்தேன்.

"யாரு மாத்துனது?"

"சங்கத்துலமா."

"அப்ப ஆசிரியர வெளிய அனுப்சிட்டாங்களா?"

"அவர்தான் இறந்துட்டாரேமா" என்றேன், அவருக்குத் தெரியாததுபோல.

"செத்தா இன்னா? செத்தவங்கள எல்லாம் உள்ள வெச்சிக்கினுதானே நான் பேசிக்கினு இருந்தேன்? கேக்கறவங்களும் பக்கத்துல வந்து நின்னாத்தான் அந்தக் காட்டுக்குத் திரும்பிப் போவ எனக்குத் தைரியம் வரும். என்னைத் தனியா நிக்க வெச்சிட்டீங்களேமா."

அண்ணா, நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று அந்த இலக்கணத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! கேட்பவரை எதற்காக உள்ளே கூப்பிடுகிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. நீங்கள் தெரிந்துதான் சிரித்தீர்களா?

தலைவரிடம் போனேன். நல்ல மனிதர்தான், காபி கொடுத்தார். "எனக்கும் மனசு இருக்குது டீச்சர். ஆனா 'நாம கூலியாப் போனோம், நாம எலியச் சுட்டுத் தின்னோம்'னு வந்தா, நம்ம வூட்டுக்குப் பொண்ணு பாக்க வர்றவன் இன்னா நெனப்பான்?" என்றார்.

"பத்திரிகை பேரே நம்மவர்னுதானே இருக்குது?" என்றேன்.

"அதத்தாம்மா நானும் கேக்கறேன். அந்தம்மா நம்மவரா?"

அத்தோடு தொடர் நின்றது. இந்தக் கடிதத்தையும் வேறு ஒரு பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன்.

வந்த பகுதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், புத்தகத்தில் குறைவது ஒரே ஒரு பகுதி. கன்னியம்மாவின் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? உங்களிடம் சொல்லியிருந்தாரா? சொன்னதைத் திருப்பிச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? உங்கள் மேசையில் தேடிப் பார்த்துவிட்டேன். எழுதிய காகிதம் எதுவும் இல்லை.

கன்னியம்மா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சு வாங்குகிறது. பேசவே கூடாது என்கிறார் டாக்டர். பேசவைத்தால் அவர் போய்விடுவாரோ என்று பயம். பேசாமல் விட்டால் அந்தப் பிள்ளை இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். பாடம் புரியாத பிள்ளைக்கு இன்னொரு உதாரணம் சொல்லிச் சமாளித்துவிடுவேன். இதற்கு என்னிடம் உதாரணம் இல்லை அண்ணா. நான் எதைச் செய்வது?

நேற்று நான் எதுவும் கேட்கவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவராகவே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நாம அந்தப் புள்ளய..." என்றார்.

அவ்வளவுதான். இருமல் வந்துவிட்டது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

நம் பாஷையில் வினை கடைசியில் வருகிறது அண்ணா. புதைத்தோமா, விட்டுவிட்டு வந்தோமா, யாரிடமாவது கொடுத்தோமா? அந்த ஒரு சொல்லுக்காக இன்று காலையும் போனேன். கண்ணை மூடியே கிடந்தார். என் கை பட்டதும் விரல் அசைந்தது. பேச்சு வரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தினமும் போவேன். அவர் முடித்தால், முடித்தபடி எழுதுவேன். முடிக்காமலே போய்விட்டால், அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே அச்சிடுவேன். எனக்குத் தோன்றிய வினையை அங்கே போடமாட்டேன். யார் போடச் சொன்னாலும் விடமாட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாராவது ஒன்றைச் சொல்லவந்து பாதியில் நிறுத்தினால், மீதியை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். எழுந்து போகாமல், பேசாமல், பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்து பாருங்கள்.

நீங்கள் இல்லாத ஊரில்,
உங்கள் உடன்பிறவாத் தங்கை
சரசுவதி