காலியாக ஒரு சுற்று

மே 6, செவ்வாய்

இன்று லேபில் ரத்தம் எடுக்கும்போது ஒரு வாண்டு என் மூக்குக்கண்ணாடியை உதைத்துத் தள்ளிவிட்டது. அதன் அம்மா மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், "கொஞ்சம் மெதுவா குத்துங்க சிஸ்டர்" என்றாள். ஊசியை எப்படி மெதுவாகக் குத்துவதாம்? லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரத்துக்கு யார் கையையும் தட்டித் தட்டி நரம்பு தேட வேண்டாம்.

இவரைக் கம்பெனி பயிற்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறது. தங்க அறையும் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறார். போனை வைக்கும்போது, "மாமாவையும் கூட்டிட்டு வா. பகல்ல நான் வேலைக்குப் போயிடுவேன். அவருக்குத்தான் இந்த ஊர் பாஷை தெரியும்" என்றார்.

தெரியாமல் என்ன. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அந்த ஊருக்குப் போன அப்பா, பத்தாம் வகுப்பு முடித்தபோதுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி முழுக்க ராட்டினம், ரயில், கப்பல். எல்லாம் கூரைக்குள்ளேயே. அங்கே வேலை. யார் யார் பிள்ளைகளையோ ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றிவிடுகிற வேலை. என்னை மட்டும் ஒரு நாளும் எதிலும் ஏற்றியதில்லை.

மே 7, புதன்

"எனக்கெதுக்கும்மா வெளிநாடு, பாக்காத ஊரா" என்றார் அப்பா. சாயங்காலம் பார்த்தால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பாஸ்போர்ட்டை இரண்டு வருடத்துக்கு முன்பே புதுப்பித்து வைத்திருக்கிறாராம்! எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்."

அம்மா வரவில்லை. "நான் வந்தா என் முட்டியத் தூக்கிட்டு வர தனியா ஒரு ஆள் வேணும். நீங்க போயிட்டு வாங்க."

மே 10, சனி

பெட்டி கட்டும்போதே பழையதெல்லாம் வருகிறது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் போகிற இடத்தில் அவரிடம் வள்ளென்று விழுவேன்.

மூன்றாம் வகுப்பு. அப்பா லீவில் வந்திருந்த சமயம் ஊரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் பெரிய ராட்டினத்தில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் காத்திருந்தேன். எங்கப்பா ராட்டினம் ஓட்டுறவரு, அவரு வந்தப்புறம் ஏறுவேன் என்று பெருமை அடித்து வைத்திருந்தேன். அன்றைக்கு அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ராட்டினத்துக்குக் கீழே நிறுத்தினேன். அப்பா அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வேணாம். வா" என்றார். அவ்வளவுதான். குட்டி ராட்டினமும் வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் வகுப்பில், இரண்டு தடவை ஏறினேன் என்று புளுகினேன்.

அலுப்பாக இருந்திருக்கும், கஞ்சத்தனமாக இருந்திருக்கும், ஊரான் பிள்ளைகளை ஏற்றி ஏற்றிச் சலித்திருக்கும். என்னென்னவோ நினைத்துப் பார்த்துவிட்டேன். கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவரிடம் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதும் இல்லை. எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை சுற்ற வேண்டும். முப்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு, இன்னும் அந்த ஆசை. அசட்டுத்தனம்தான். ஆனால் இருக்கிறதே, என்ன செய்ய?

மே 13, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். அறையில் ஒருவர் திரும்பிப் படுத்தால் நாலு பேர் நகர வேண்டும். மழை.

கீழே மளிகைக் கடையில் அப்பா அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார். கடைக்காரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெரியவளும் சின்னவனும் தாத்தாவை வாய் பிளந்து பார்த்தார்கள். நானும்தான். எங்கள் வீட்டில் நாளிதழுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர் இப்படிச் சிரிக்க வைப்பாரா? என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "அது நம்ம பாஷையில சொன்னா சிரிப்பு வராது" என்கிறார்.

சாயங்காலம் பால் வாங்கப் போனவர் இருட்டின பிறகுதான் வந்தார்.

மே 14, புதன்

ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். இவர் போனில் டிக்கெட் விலையைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வெளியே மழையும் விடுகிற மாதிரி இல்லை.

ஜன்னல் ஓரத்திலிருந்து அப்பா சொன்னார்: "நனையாம போற எடம் ஒண்ணு இருக்கு. டிக்கெட்டும் கம்மி."

"இத்தனை வருஷத்துக்கப்புறம் அது இருக்குமாப்பா?"

"இருக்கு. நேத்து பால் வாங்கப் போனப்ப பாத்துட்டேன்."

பால் கடை எங்கள் அறைக்கு எதிர்ச் சாரியிலேயே இருக்கிறது. கள்ளத்தனம்!

மே 15, வியாழன்

போய்விட்டு வந்தோம்.

மூன்றாவது மாடிக்கு ஏறினதுமே காலுறை வாடையும் தரை துடைக்கும் மருந்து வாடையும். செருப்பு போடக்கூடாது, வெறுங்காலும் கூடாது. காலுறை இல்லாதவர்களுக்கு அங்கேயே விற்கிறார்கள். சின்னவனுக்கு வாங்கியது முட்டிவரை வந்தது. சாமான் எல்லாம் பழசு. குதிரைகளுக்கு மேலே மேலே பெயிண்ட் அடித்து அடித்து மூக்கெல்லாம் மழுங்கிப்போயிருக்கிறது. விளக்குகளில் பாதி எரியவில்லை. ஆனாலும் என்ன கூட்டம்! எங்களைப் போலவே பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற குடும்பங்கள். கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம். பெரியவள் வெளியூர்ப் பூங்காவைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டாள்.

அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. தூணைத் தொடுகிறார், கம்பியைத் தொடுகிறார். குட்டி ரயிலில் யார் பெற்ற பிள்ளையோ கையை வெளியே நீட்ட, பாய்ந்து போய் உள்ளே தள்ளினார். ரயில் ஓட்டுகிற பெண் விசில் ஊதி அவரை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி பின்னால் வந்து நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த சுற்றுக்குள் அவளும் அவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கோப்பை ராட்டினம். பெரிய பெரிய கோப்பைகளுக்குள் உட்கார வேண்டும். ரிப்பேர் பார்த்து முடித்திருந்தார்கள் போல, யாரையும் ஏற்றாமல் சும்மா ஒரு சுற்று விட்டார்கள். சின்னவன் கேட்டான், "யாருமே இல்லாம ஏன் தாத்தா சுத்துது?"

"காலியா விட்டுக் கேக்கணும்டா. ஆள் ஏறிட்டா கத்துவாங்க, சத்தம் கேக்காது. எங்க தேயுது, எங்க ஆடுதுன்னு காலியா சுத்தறப்பதான் தெரியும். தெனமும் காலையில மொத சுத்து அதுக்குத்தான்."

"எல்லா ராட்டினத்துலயுமா?"

"செய்யணும். நம்ம ஊரு பொருட்காட்சியில செய்யல. போல்ட்டுக்குப் பதிலா கம்பியச் சுத்தி வெச்சிருந்தான். உங்கம்மா ஏறியே ஆவேன்னு குதிச்சா. இழுத்துட்டு வந்துட்டேன். கையக் கடிச்சு வெச்சுட்டா, ராட்சசி."

நான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கடித்தேனா? எனக்கு அது ஞாபகமே இல்லை. அவருக்கு இருக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு ஒரு பெரியவர் ஏற வேண்டும் என்பது அங்கே விதி. அப்பா அவர்களோடு ஏறினார். இத்தனை வருடம் இதை ஓட்டியும் உட்கார்ந்து பார்த்ததில்லையாம், வேலைக்காரர்கள் ஏறக்கூடாதாம். கோப்பைக்குள் நாலு பேருக்கு இடம் இருந்தது. திரும்பி, "நீயும் வர்றியா?" என்று கேட்டார்.

என் வாய்க்கு என்ன கேடு? "எனக்கெதுக்கு, நான் பையப் பாத்துக்கறேன்" என்றேன்.

சுற்ற ஆரம்பித்தது. ஒரு பக்கம் பெரியவள், ஒரு பக்கம் சின்னவன், நடுவில் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு. நான் மூன்று பையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு என் பிள்ளைகள் மேல் பொறாமை. நான் பெத்ததுங்க மேலயே! எரிச்சலில் அழுகை வந்தது. ஏன் வேண்டாம் என்றேன்? அவர் கேட்டாரே, வாய் திறந்து கேட்டாரே—

மே 16, வெள்ளி

பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேவிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா?

"எட்டு வயசுப் பிள்ளைகிட்ட போல்ட்டு சரியில்லன்னா புரியுமா?"

"புரிஞ்சிருக்கும். நான் உங்க பொண்ணு."

டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ கடிச்ச தடம் இங்க வந்தப்புறமும் இருந்துச்சு. கம்பியப் பூட்டறப்ப எல்லாம் கண்ணுல படும். ஒரு நாள் பாத்தா காணோம், ஆறிடுச்சு. எனக்குக் கஷ்டமாப் போச்சு."

நான் தம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 18, ஞாயிறு

இன்று மறுபடி போகலாம் என்றிருந்தேன். சின்னவனுக்குக் காய்ச்சல். நாளை விமானம். சரி, அவ்வளவுதான்.

ஜூன் 3, செவ்வாய்

லேபில் நல்ல கூட்டம். வேறொன்றும் இல்லை. அப்பா மறுபடி நாளிதழுக்குப் பின்னால் போய்விட்டார்.

செப்டம்பர் 13, சனி

பள்ளி மைதானத்தில் பொருட்காட்சி போடுகிறார்கள். லாரியில் கம்பிகள் வந்து இறங்கியிருக்கின்றன. பிள்ளைகள் இப்போதே நச்சரிக்கிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

அப்பா காலையில் நடக்கப் போகிறேன் என்று போய், மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார். சட்டைக் கையில் கிரீஸ் கறை. "இந்த வயசுல எங்கதான் சுத்தறாரோ, நீயாவது கேளேன்" என்று அம்மா என்னிடம் குறைப்படுகிறாள். கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

செப்டம்பர் 20, சனி

கடைசி ஆளுக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், லேப் வாசலில் அப்பா.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கென்ன. பெரிய ராட்டினம் வேணாம், ஆடுது. குதிரை ராட்டினம் நல்லா வெச்சிருக்கான். காலையில காலியா விட்டுக் காட்டுடான்னேன், விட்டான். வெயிட்டும் கேட்டுட்டேன், உன்னத் தாங்குமாம். கெளம்பு."

"இருங்க, பிள்ளைங்களுக்கு போன் பண்ணி வரச் சொல்றேன்."

"அவங்கள நாளைக்குக் கூட்டிட்டுப் போலாம்."

வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்துபோய் அவர் பின்னால் நடந்தேன். நல்ல வெயில், மைதானத்தில் கூட்டமே இல்லை. அப்பா இரண்டு டிக்கெட்டை நீட்டினார். வாங்கிக் கிழித்தவர், "ஒண்ணு குழந்தை டிக்கெட்டா இருக்கே, குழந்தை எங்க சார்?" என்று கேட்டார்.

அப்பா என்னைக் காட்டினார்.