வழியனுப்பு ஜெபம்

மே 9, சனி இரவு.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்த எங்கள் சபைக் குழு இன்று மாலை புறப்பட்டது. தலைவன் என் மகன் ஐசக். கால்பந்து இறுதி ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறான். அதனால் வழியனுப்பு ஜெபத்தில் மற்ற மூப்பர்கள் அவன் தலையில் கைவைத்தபோது நான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும், "பிள்ளைகளு ஞாயித்துக்கிழம பந்தடிச்சா பரலோகம் இடிஞ்சா விழும், அப்பா?" என்றான்.

"கர்த்தருக்க நாளு பந்தடிக்கதுக்கு உள்ளது இல்ல, கேட்டியா."

அவன் வேனில் ஏறிவிட்டான்.

நான் சொன்னது சரிதான். நாளையும் அதையே சொல்வேன்.

குடும்ப ஜெபத்தில் என் மனைவி மேரி அவன் பெயரைச் சொல்லி, பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். ஆமென் சொல்வது எப்போதும் நான்தான். இன்று வாய் திறக்கவில்லை.

"நீங்க சொல்லாம நான் எழும்ப மாட்டேன்" என்றாள்.

இன்னும் முழங்காலில்தான் இருக்கிறாள்.