காதுக்கு எட்டாத சத்தம்

வல்லம் வடகால்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள பெனிட்டாவுக்கு, உன் மரியஜோசப் எழுதுவது.

மஸ்கட் வெயிலிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். நானும் முக்கால்வாசி நலம். போனில் டைப் அடித்தால் பாதியிலேயே அழித்துவிடுவேன். அதனால் பேனாவில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

முதலில் ஒரு அதிசயம். எங்கள் கம்பெனிக்குக் கார்முகில் என்று ஒரு என்ஜினியர் பெண் வந்திருக்கிறாள். கை பட்டால் கெட்டுவிடும் சின்ன லென்ஸைத் தொடாமலே தூக்க ஒரு மிஷின் செய்கிறாள். வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேலேயும் கீழேயும் பொத்தான் பொத்தானாக ஸ்பீக்கர்கள். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். விழவில்லை, பெனிட்டா. அந்தரத்தில் நின்றது. நூல் இல்லை, காந்தம் இல்லை, தாங்குவது வெறும் சத்தம். இரண்டு பக்கத்துச் சத்தமும் மோதும்போது, நடுவே காற்றின் அழுத்தம் ஏறி இறங்காத இடங்கள் அமையுமாம். துளி அங்கிருந்து விலகப் பார்த்தால் சத்தமே அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுமாம். என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு.

என்னோடு வேலை செய்யும் நடேசன் காதைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். “இந்தச் சத்தம் மனுசக் காதுக்கு எட்டாதுண்ணா. இதுக்கு நாம எல்லாருமே செவுடுதான்” என்றாள் கார்முகில். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. பதினோரு வருஷம் தகடு அடிக்கும் ப்ரஸ் ஷாப் இரைச்சல். காதடைப்பான் போடச் சொன்னார்கள். நான்தான் பெரிய வீரன் மாதிரி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் உன் குரல் வெறும் இரைச்சலாகத்தான் வருகிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைத்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று உன் தங்கை லிசாவிடம் என்னைத் திட்டினாயாம். சரியாகத்தான் திட்டியிருக்கிறாய்.

லிசா நேற்று நேரில் வந்து சொன்னாள். அங்கேயே இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடட்டுமா என்று போனில் நீ கேட்டாயாம். நான் யோசிக்காமல் ‘சரி’ என்றேனாம். நீ அழுதாயாம். பெனிட்டா, நீ கேட்டது என் காதில் விழவே இல்லை. சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நாளைக்குக் கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிட்டுக் காது டாக்டரிடம் போகிறேன். வேலையை மாற்றினால் மாற்றட்டும்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்தாமே. போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் அந்தச் ‘சரி’யை நம்பிப் போடாதே. என் பதில் இதுதான்: வந்துவிடு. அதுவரை வீடியோவில் முகத்தைக் காட்டித் தினமும் பேசு. எனக்குக் கேட்காவிட்டாலும் பேசு. காதுக்கு எட்டாத சத்தமும் தாங்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

உன்
மரியஜோசப்